பின்வரிசை

எப்போதும் பின்வரிசைதான் முதலில் நிறைகிறது.
பம்பலப்பிட்டியில் பார்த்தேன், கொட்டாஞ்சேனையில் பார்த்தேன்,
இன்றைக்குத் தெமட்டகொடையிலும்.
கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று
ஒருதரம் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான்
சனம் இருக்கிறது.
முன்னால் நாற்பது பிளாஸ்டிக் கதிரை
ஆளில்லாமல் படம் பார்க்கும்.

படம் பயத்தைப் பற்றியது.
பயத்தோடு எப்படிச் சோறு சமைப்பது,
பிள்ளையை எப்படிப் பள்ளிக்கு அனுப்புவது என்று
ஐம்பத்திரண்டு நிமிடம்.
திரைக்கடியில் ஓடுகிற தமிழ் நான் போட்டது.
பாதிக்காசு இன்னும் வரவில்லை.

ஒரு சொல்லில் மூன்று நாள் மாட்டிக்கிடந்தேன்.
உதேனிக்குச் சிங்களத்தில் சுகமாக வந்தது: பீஷணய.
"அது எங்களுக்கு ஒரு காலத்தின்ர பேர்" என்றாள்,
"எண்பத்தொன்பது.
டயர் மணக்குது என்று அப்பா
ஜன்னலைச் சாத்தின காலம்."

எனக்கோ
பயங்கரம் என்று எழுதினால்
பின்னால் ஒரு வாதம் வந்து
தானாக ஒட்டிக்கொள்கிறது.
அந்த முழுச்சொல்லுக்காக மாமாவின் மகன்
பூசாவில் நாலு வருஷம் இருந்தான்.
அச்சம் பள்ளிக்கூடப் புத்தகம்.
பீதி பத்திரிகை.
கடைசியில் வெருட்சி என்று போட்டேன்.
வெடிச்சத்தத்துக்கு மாடு வெருளுமே,
கயிற்றை அறுக்காமல்
நின்ற இடத்திலேயே தோல் நடுங்கி,
அது.

கொட்டாஞ்சேனையில், பங்கு மண்டபத்தில்,
மணி அடிக்கிற காட்சி வந்ததும்
ஒருத்தி எழும்பி வெளியே போனாள்.
தேத்தண்ணி மேசையில் பணிஸ் எண்ணினாள்.
எண்பத்தாறு.
திரும்பவும் முதலிலிருந்து எண்ணினாள்.
எண்பத்தாறு.
"நெஞ்சு படபடத்தால் எதையாவது எண்ணுங்கள்" என்று
படத்தில் டொக்டர் சொல்கிற இடத்துக்கு
இன்னும் பதினொரு நிமிடம் இருந்தது.

படம் முடிய மைக் சுற்றிவரும்.
வாங்குகிறவர் அதைச் சேலைத்தலைப்பால் துடைத்து
அடுத்தவருக்குக் கொடுப்பார்.
பம்பலப்பிட்டியில் ஒரே ஒரு கேள்வி:
"இதையும் ரெக்கோர்ட் பண்ணுறீங்களா?"

சாம்பல்நிற சேர்ட் போட்ட ஒருவர்
மூன்று இடத்துக்கும் வந்தார்.
பெயர் கேட்டோம், பியதிலக்க என்றார்,
எங்கிருந்து என்றோம், சிரித்தார்.
சிறிய கொப்பி. நீலப் பேனை.
அவருக்கும் பின்வரிசைதான்.

இன்றைக்கு
படத்தின் நடுவில்
பேஸ்லைன் ரோட்டுப் பக்கம் டிரான்ஸ்ஃபோமர் வெடித்தது.
அது டிரான்ஸ்ஃபோமர் என்று
பிறகுதான் தெரியும்.
இருட்டில் கதிரைகள் விழுகிற சத்தம்,
ஒருவரும் கத்தவில்லை,
கத்தக்கூடாது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.
யாரோ என் குதிக்காலைப் பிடித்திருந்தார்கள்.

ஃபோன் வெளிச்சத்தில் பார்த்தால்
எல்லோரும் நிலத்தில்.
சாம்பல் சேர்ட்டும் நிலத்தில்,
தலைமேல் இரண்டு கையும்.
ஃபரீனாதான் கதிரைக்கடியில் தேடி எடுத்தாள்.
ஈஸ்டருக்குப் பிறகு வந்த கிழமை
பேரீச்சம்பழப் பெட்டியில் இருந்த அரபு எழுத்தைக்கூடக்
கத்தியால் சுரண்டி வைத்தவள்.
"உங்கட கொப்பி" என்றாள்.
திறந்து பார்க்கவில்லை.
அவர் அதைக் காற்சட்டைப் பையில் போட்டார்,
போட்டது சரிதானா என்று தொட்டுப் பார்த்தார்.

கரண்ட் வந்தது.
உதேனி மடிக்கணினியைத் தட்டி எழுப்பிப்
படத்தை விட்ட இடத்தில் ஓடவிட்டாள்.
எழுத்து நாலு செக்கன் முந்திக்கொண்டது.
திரையில் அந்தப் பெண் வாய் திறக்குமுன்னே
அவள் சொல்லப்போவது அடியில் வந்துவிடுகிறது,
அழுவதற்கு முன்னே
(அழுகிறாள்) என்று வருகிறது.

நிறுத்தட்டுமா என்றேன்.
வேண்டாம், போகட்டும் என்றார்கள்.
எங்களுக்கு இப்படித்தானே வாறது என்று
இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல்,
ஆணா பெண்ணா தெரியவில்லை.
யாரோ சிரித்தார்கள்.

ப்ரொஜெக்டர் மேசை வாசலுக்குக் கிட்ட இருக்கிறது.
அங்கிருந்தால் படம் கொஞ்சம் கோணலாகத்தான் விழும்.
மூன்று இடத்திலும்
நான்தான் அதை அங்கே போடச் சொன்னேன்.