மெழுகு போனது

பனி தள்ளும் லாரியை வாசலில் ஓடவிட்டுவிட்டுத்தான்
மாரிட் கடைக்குள் வந்தாள்.
ட்யூலூத்தில் ஜனவரி. அணைத்தால் மறுபடி கிளம்பாது.
நகராட்சிக்குத் தெரிந்தால் சீட்டைக் கிழிப்பார்கள் என்றேன்.
அரை மணி நேரம், என்றாள்.
நான் அவளுடைய டிரம்மர். வேறொன்றுமில்லை.
ஊரில் முக்கால்வாசிப் பேர் இதை நம்புவதில்லை.

ஓயாலா இரண்டையும் மேஜைமேல் கிடத்தினார்,
அடையாளம் காட்டச் சொல்லும் பிணவறைக்காரர் மாதிரி.

ஒன்று அறுபத்தாறில் பிறந்தது.
அந்த மஞ்சள் ஒருகாலத்தில் வெள்ளையாம்.
யார் யாரோ முழங்கை ஊன்றி
வண்ணம் கரைந்து மரம் தெரிந்தது.
முறுக்காணி இரண்டு மாற்றியவை,
சொல்லாமல் விற்கமாட்டேன் என்றார்.
நாலாயிரத்து எண்ணூறு டாலர்.

இன்னொன்றுக்குப் பதினொரு வயசு.
நீலம். ஸ்டிக்கர் கிழித்த இடத்தில்
பிசுபிசுப்பாக ஒரு நட்சத்திரம்.
மெட்டுகள் துருப்பிடிக்காத எஃகு.
எண்ணூற்று ஐம்பது.
பேரமில்லை என்று சொல்லிவிட்டு
பேரத்துக்குக் காத்திருந்தார்.

கையுறையைப் பல்லால் கழற்றினாள்.
மரத்த விரல் மரத்தைத் தொட்டது.
சுதி சேர நேரமாயிற்று.

பழசு இரைந்தது.
ஜன்னலில் எரியும் பீர் விளம்பரத்தைப் பார்த்தால் அதிகம்,
சுவரைப் பார்த்தால் கொஞ்சம்.
தொழும் திசை தெரியாதவள்போல்
ஸ்டூலில் சுற்றிச் சுற்றி உட்கார்ந்தாள்.
பிறகு ஒரு நாண் மீட்டினாள்.
ஹீட்டரில் கை காய்ச்சிக்கொண்டிருந்த நான்
கையை எடுத்துவிட்டேன்.
அதற்குமேல் அதைப்பற்றிச் சொல்லத் தெரியாது.

நடுவில் அவள் இருமினாள்.
ஸ்பீக்கரும் இருமியது.

பிக்கப்புக்குள் சுருளைப் பிடித்திருந்த மெழுகு
போய்விட்டது, என்றார் ஓயாலா.
அதனால் இப்போது எல்லாமே அதன் காதில் விழும்.
குறைதான். சத்தம் கூட்டினால் வீறிடும்.
இருநூறு கொடுத்தால் அடைத்துவிடலாம்.

அவள் குனிந்து, கம்பிகளுக்கு வாய் வைத்து,
"நாலாயிரத்து எண்ணூறு" என்றாள்.
மூடிய கிணற்றடியிலிருந்து யாரோ
அதே தொகையைத் திருப்பிச் சொன்னார்கள்.
ஒரு டாலர்கூடக் குறையவில்லை.

நீலத்திடம் கத்தியே பார்த்தாள். கேட்கவில்லை.
பன்னிரண்டாம் மெட்டுவரை பிசகாத சுதி.
நல்ல குமாஸ்தா, என்றாள்.
அதன் பெட்டியில் வார் தேடப்போய்
ஒரு சீட்டை எடுத்தாள்:
டீகன் ப்ரூயெட். பல் மருத்துவர்.
அடுத்த செவ்வாய், பத்தரை மணி.
பின்பக்கம் பென்சிலில்: கடைவாய், வேர் சிகிச்சை, 612.

எவ்வளவு கொடுத்தீங்க, என்று கேட்டாள்.
அறுநூறு, என்றார் ஓயாலா,
மேஜையில் இல்லாத தூசியைத் துடைத்தபடி.
வெளியே லாரி உறுமிக்கொண்டிருந்தது.

எனக்குத் தோன்றியது இதுதான்:
மஞ்சளை வைத்திருந்தவர்கள் எல்லாரும்
போய்ச் சேர்ந்திருப்பார்கள்.
அதன் துக்கமெல்லாம் ஆறி
விலையாகிவிட்டது.
இதற்கு இன்னும் பல் வலிக்கிறது.

நீலத்துக்குப் பணம் எண்ணினாள்.
பாவம் பார்த்தாயா, என்றேன்.
போடா. மெட்டு நேராயிருக்கு,
வியாழக்கிழமை வாசிக்கணும்.
என் வியர்வைக்கு அது தாங்காது, என்று
மஞ்சளை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.
உறை போட்டபோது ஓயாலா
சீட்டை வாங்கக் கை நீட்டினார்.
அவள் கொடுக்கவில்லை.

செவ்வாய் காலை பத்து மணிக்கெல்லாம்
பல் மருத்துவரின் மேட்டுத்தெருவில்
தார் தெரிந்தது. அது அவள் ரூட்டே இல்லை.
கேட்டால் ஏதாவது சொல்லியிருப்பாள்.

வியாழன். பார் பாதிதான் நிறைந்திருந்தது.
நீலம் சொன்னதைச் செய்தது.
இரண்டாம் பாட்டுக்கும் மூன்றாம் பாட்டுக்கும் நடுவே
அவள் தலை குனிந்து
கம்பிகளிடம் என்னவோ சொன்னாள்.
ஸ்பீக்கரில் ஒன்றும் வரவில்லை.
கொஞ்சம் காத்திருந்தேன்.
பிறகு குச்சியைத் தட்டி
நாலு எண்ணினேன்.