ஓரிரு இடங்களில்

மீரான் ராவுத்தரிடம் இரண்டு போன்.
ஒன்றில் திருவனந்தபுரம் மலையாளத்தில் சொல்லும்:
பாலக்காட்டுக்கு மஞ்சள் எச்சரிக்கை,
இடியோடு மழை, நாற்பது கிலோமீட்டர் காற்று.
மற்றதில் சென்னை தமிழில் சொல்லும்:
கோவை மாவட்டம், வறண்ட வானிலை,
மலையை ஒட்டிய ஓரிரு இடங்களில்
லேசான தூறல்.

கோவிந்தாபுரம் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம்
அவர் குத்தகைக்கு எடுத்த தோப்பு,
அந்தப் பக்கம் வீடு.
நடுவில் ஒரு வாய்க்கால்.
வாய்க்காலுக்கு மேலே யாருடைய வானம் என்று
இதுவரை ஒருவரும் அறிவித்ததில்லை.

மார்ச் இருபத்தேழு.
பங்கனப்பள்ளி இன்னும் தோள் தூக்கவில்லை.
மூன்று நாள் பொறுத்தால் கிலோ எழுபது,
இன்றே இறக்கினால் நாற்பத்தைந்து.
பொள்ளாச்சி பைனான்ஸ்காரரின் கால் இரண்டு மிஸ்டு.
ராவுத்தர் சென்னையை நம்பினார்.
"தமிழ் பொய் சொல்லாது" என்று சிரித்தார்.
பெட்டியில் வைக்கோல் அடுக்கும் எனக்கும் புஷ்கலாவுக்கும்
சிரிப்புக்குக் கூலி இல்லை,
இருந்தும் சிரித்தோம்.

ஆறு வாரமாய்த் தகரக் கூரை
எங்கள் உச்சந்தலையில்தான் காய்ந்தது.
என் பையன் முதுகில் வேர்க்குரு
கேழ்வரகு கொட்டிய மாதிரி.
ராத்திரி அவன் தூங்குவதில்லை,
அட்டைப்பெட்டி மூடியால் விசிறி விசிறி
நானும்.

மூன்றே முக்காலுக்குக் காற்று நின்றது.
நெல்லியாம்பதிப் பக்கம் கத்திரிக்காய் நிறம்.
ஆடுகள் யாரும் விரட்டாமலே
லாரிக்கு அடியில் போய் நின்றன.

முதலில் வந்தது குளிர்.
தரையோடு, ஒரு கோடு இழுத்த மாதிரி,
கணுக்காலைத் தொட்டுவிட்டு
அப்புறம்தான் முகத்துக்கு ஏறியது.
பிறகு புழுதி.
பிறகு, மழைக்கு முன்பே,
மாங்காய் பெய்தது.
தொம், தொம். முதலில் எண்ண முடிந்தது.
புஷ்கலா மலையாளத்தில் பத்தொன்பது வரை எண்ணினாள்.
அதற்கு மேல் எந்த மொழியிலும்
எண்ண முடியாத வேகம்.

பன்னிரண்டு நிமிஷம்.
பிறகு இலையில் இருந்து இலைக்குச் சொட்டும் சத்தம்,
செக்போஸ்டில் நின்ற வண்டிகளின் ஹாரன்.

யார் சொன்னார்களோ,
ஆறரைக்கே வந்து நின்றது ஊறுகாய்க் கம்பெனி லாரி.
கிலோ ஒன்பது ரூபாய்.
டார்ச் வெளிச்சத்தில் பொறுக்கினோம்.
பால் வடிந்து விரல்கள் ஒட்டின.
ஈர ஜாக்கெட்டுக்குள் உடம்பு சிலிர்த்தது.

சொல்ல வெட்கம்,
நன்றாக இருந்தது.
ஒவ்வொரு காயையும் திருப்பி
அடிபட்ட பக்கத்தைப் பார்த்தபோதும்
நன்றாகத்தான் இருந்தது.
கடைசி வரிசை மரத்துக்குப் பின்னால்
யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து
ராவுத்தர் சட்டைப் பொத்தான்களை அவிழ்த்து
நெஞ்சை மேற்கே திருப்பி
கண்ணை மூடி நின்றார்.
நான் டார்ச்சை அணைத்துவிட்டேன்.

அன்று ராத்திரி சஞ்சு போர்வை கேட்டான்.
பிப்ரவரிக்குப் பிறகு முதல் தடவை.
பெட்டியை இறக்கித் தூசி தட்டிப் போர்த்தும் முன்பே
தூங்கியிருந்தான்.

காலையில் இரண்டு போனிலும் ஒரே பேச்சு.
சித்தூர் மழைமானியில் பதிவு இல்லை,
பொள்ளாச்சியிலும் இல்லை.
கணக்குப்படி
எங்களுக்கு மழையே பெய்யவில்லை.
இன்றைக்கும் ஓரிரு இடங்களில்.

புஷ்கலா கேட்டாள்,
தமிழில் ஓரிரு என்றால் ஒன்றா, இரண்டா?
ஒன்று இந்தத் தோப்பு,
இன்னொன்று என் வீட்டுக் கட்டில் என்றேன்.
அவள் நனைந்த வைக்கோலை உதறி
வெயிலில் பரப்பினாள். வெயில்
நேற்று ஒன்றுமே நடக்காத மாதிரி ஏறியது.

ராவுத்தர் ஒரு போனை மட்டும்
சார்ஜில் போட்டிருந்தார்.
எது என்று நான் பார்க்கவில்லை.