ஐந்நூறு சொற்களுக்கு மிகாமல்

உங்களைப் பற்றி எழுதுங்கள் என்கிறது படிவம்.
ஐந்நூறு சொற்களுக்கு மிகாமல்.
முப்பத்தெட்டில் நிற்கிறேன்.
மேலூரில் இரவு மணி பதினொன்று.
மதிப்பெண் பட்டியலின் ஜெராக்ஸ் பறக்காமலிருக்க
மேலே ஒரு துண்டு கிரானைட்.

ஆங்கிலத்தில் ஒவ்வொரு வரியின் வாசலிலும்
நானே போய் நிற்க வேண்டியிருக்கிறது.
தமிழில் இந்தத் தொல்லை இல்லை.
படித்தேன், போனேன், அளந்தேன் என்று
வினையின் வாலைப் பிடித்துக்கொண்டு
யார் கண்ணிலும் படாமல் நடந்துவிடலாம்.
இங்கே நான், நான், நான்.
கல்யாண வீட்டில் மைக் கிடைத்தவன் மாதிரி.

காளவாசல் கன்சல்டன்சியில்
மாதிரி ஒன்று வைத்திருக்கிறார்கள்.
சிறு வயது முதலே எனக்கு
நிலத்தடி நீரின் மேல் தீராத ஆர்வமாம்.
சிறு வயதில் எனக்கு ஆர்வம் சேமியா ஐஸில்.
ஜியாலஜியில் சேர்ந்தது
கெமிஸ்ட்ரியில் இடம் முடிந்துபோனதால்.

தலைமைப் பண்புக்கு ஓர் உதாரணம் கேட்கிறார்கள்.
ஹாஸ்டலுக்குத் தண்ணீர் லாரி வந்த நாட்களில்
ஹசீனாவின் நெயில் பாலிஷால்
குடங்களுக்கு எண் போட்டேன்.
நாற்பத்தொரு குடம்.
இரண்டு மாதம் சண்டை இல்லை.
பிரபுதாஸ் சார் அதைத் திருத்தினார்:
'சமூக நீர்ப் பகிர்வுத் திட்டமொன்றை
முன்னின்று நடத்தினேன்.'
பொய்யில்லை.
ஆனால் அந்த வாக்கியத்தில்
ஒரு குடத்தைக்கூடக் காணோம்.

எழுத நினைத்தது வேறு.
மூடிக் கிடக்கும் குவாரியில்
கயிற்றில் கல் கட்டி இறக்கினேன்.
நூற்றுப் பதினெட்டு அடியில்
கயிறுதான் முடிந்தது.
பச்சைத் தண்ணீர், அசைவில்லை.
கூப்பிடு தூரத்தில் செல்லக்கண்ணு வீட்டுக் கிணறு.
பங்குனியில் எட்டிப் பார்த்தால்
அடியில் ஒற்றைச் செருப்பு தெரியும்.
இரண்டுக்கும் நடுவே, பாறைக்குள்,
என்னதான் நடக்கிறது?

அந்தக் குழியில் அப்பா
பதினாறு வருஷம் டிப்பர் ஓட்டினார்.
எழுதினால் இரக்கம் கேட்பது போலிருக்கிறது.
விட்டால் ஒளிப்பது போலிருக்கிறது.
அழித்தேன். திரும்பப் போட்டேன். அழித்தேன்.

குடும்பப் பெயர் என்ற கட்டத்தில்
வீரணன் என்று நிரப்பியதிலிருந்து
அவர்கள் அனுப்புவதெல்லாம்
'அன்புள்ள வீரணன்' என்றே வருகிறது.
சாயந்தரம் ஏடிஎம் காவலுக்குக் கிளம்பும்போது
அப்பா எட்டிப் பார்த்தார்.
'எனக்கா போட்டிருக்கான்?'
'ஆமாப்பா, சீட்டு உனக்குத்தான்.'
'குளிருமே' என்றார்.
சிரிக்கவில்லை. யோசித்துத்தான் சொன்னார்.

அவர்களுடைய நள்ளிரவு
நமக்கு விடிகாலை ஐந்தரை.
அதற்குள் போய்ச் சேர வேண்டும்.
மார்கழி ஸ்பீக்கர் போட்டாயிற்று,
இப்போது ஐந்நூற்று ஏழு.
சிறு வயது முதலே, வெட்டினேன். மூன்று போச்சு.
தீராத, அதுவும்.
டிப்பர் மேல் வந்து நின்ற கையை
எடுத்துக்கொண்டேன். இருக்கட்டும்.

இன்னும் மூன்று.
எண்ணிப் பார்த்தால் 'நான்' மட்டும் பத்தொன்பது.
மூன்றைத் தூக்கினேன்.
சிவப்பில் அடிக்கோடு போட்டுக் காட்டுகிறது கம்ப்யூட்டர்,
வாக்கியத்தில் ஆள் இல்லையாம்.

இல்லாமலென்ன.
அனுப்பினேன்.