பென்சில் உச்சரிப்பு

பட்டமளிப்புக்கு மூன்று கிழமை முன்னர்
பரீட்சைக் கிளையிலிருந்து பட்டியல் என் மேசைக்கு வரும்.
தமிழ்ப் பெயர்களுக்கு மேலே
எப்படிச் சொல்வதென்று பென்சிலால்
சிங்களத்தில் எழுதிக் கொடுப்பது என் வேலை.
நியமனக் கடிதத்தில் இல்லாத வேலை.
பத்தொன்பது வருடமாகச் செய்கிறேன்.

வாசிப்பவர் பதிவாளர்.
நல்ல மனிதர், நேரம்தான் இல்லாதவர்.
ஆயிரத்து நூறு பேர், நான்கு மணித்தியாலம்.
நீளமான பெயரென்றால் முதல் பாதியோடு நிறுத்திவிடுவார்.
எங்கள் பெயரில் முதல் பாதி அப்பா.

ஆகவே வருடாவருடம்
இங்கே பட்டதாரியாவது அப்பாமார்:
பசறையில் கவ்வாத்து வெட்டும் முனியாண்டி, விஞ்ஞானமாணி.
பேசாலையில் வலை பொத்தும் செபமாலை,
சட்டத்தில் இரண்டாம் வகுப்பு, மேற்பிரிவு.
பிள்ளைகள் வாடகை அங்கியில் நடந்துபோய்
அவர்கள் சார்பில் சுருளை வாங்கி வருகிறார்கள்.

மண்டபத்தின் வரலாறு வாசலில் பித்தளையில் இருக்கிறது:
அடிக்கல் வைத்த தேசாதிபதி, திறந்த தேசாதிபதி,
இரண்டாமவரின் மனைவி.
மிச்சம் மேடைக்கு அடியில்.
கதிரை எண்ணப் போன அன்று டோர்ச் அடித்துப் பார்த்தேன்.
சுவரில் சிவப்பு மையில் வார்ட் மூன்று.
யப்பான்காரன் குண்டு போட்ட வருடம்
கட்டில் போட்டிருக்கிறார்கள்.
பக்கத்தில் தேக்குப் பலகையில் கரி வட்டம்:
பிறகொரு வருடம் முகாமிட்ட ஆமிக்காரர்
சோறாக்கிய இடம்.

பிறகும் ஒருமுறை பூட்டினார்கள், இரண்டு வருடம்.
திறந்த நாளில் நாலு தொகுதிக்கும் ஒன்றாகப் பட்டம்.
சில பெயர்களுக்கு யாரும் எழும்பவில்லையாம்.
'வாசித்தவர் ஒரு மிடறு தண்ணீர் குடித்தார்,
அடுத்ததுக்குப் போனார்,' என்றார் பியூன் லொக்குகே.
அவருடைய தம்பியின் பெயரும்
அந்தப் பட்டியலில் இருந்ததை
ஓய்வு பெறும் நாளில்தான் சொன்னார்.

கூரையில் ஒரு பிழை உண்டு.
எந்தப் பெயர் சொன்னாலும்
கடைசித் துண்டைத் திருப்பிச் சொல்லும்.
பங்காவைக் கழற்றி விசிறி பூட்டியும் போகவில்லை,
விசிறியைக் கழற்றி ஏசி பூட்டியும் போகவில்லை.
பொறியியல்காரர் வந்து துணி தொங்கவிட்டார்.
துணிக்குள் புறா முட்டையிட்டது.

போன பட்டமளிப்புக்கு முதல் கிழமை
ஒரு பிள்ளை கருமபீடத்தில் வந்து நின்றாள்.
சிவபாதம் தர்ஷாயினி, முகாமைத்துவம்.
பிழையாக வாசிக்க வேண்டாம் என்று கேட்கத்தான் எல்லாரும் வருவார்கள்.
இவள் கேட்டது வேறு.
'அக்கா, என்ர பேர் முழுக்க வேண்டாம்.
முதல் பாதி காணும்.'

எண்பத்து மூன்று ஆடியில்
அப்பா இதே மண்டபத்தில் சோதனை எழுதினவராம்.
இடப்பக்கம், யன்னலோரம், நூற்றுப் பன்னிரண்டு.
ஏழு தாளில் மூன்று.
நாலாம் தாளுக்கு இருக்க வேண்டிய நேரம்
அகதிக் கப்பலில், காங்கேசன்துறைப் பக்கம்.
பிறகு சங்கக்கடையில் சீனி நிறுத்தார்.
அனுமதி அட்டையை மட்டும் பிளாஸ்டிக் உறையில் போட்டு
எல்லா இடப்பெயர்விலும் காவிக்கொண்டு திரிந்தார்.
இப்போது எங்கே என்று அவள் சொல்லவில்லை.
நான் கேட்கவில்லை.

அழிறப்பரை எடுத்தேன்.
மேலே எழுதியிருந்ததில்
பின்பாதியை அழித்தேன்.
பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை
என் வேலையில் நானே பிழை செய்தேன்.

அன்று பதிவாளருக்குத் தடிமன்.
அவள் படியேறும்போது மூக்கைத் துடைத்துவிட்டு வாசித்தார்:
சிவபாதம்.

கூரை சொன்னது: பாதம்.
கொஞ்சம் பொறுத்து, யன்னல் பக்கமிருந்து: பாதம்.
அவள் செருப்பு தேக்கில் தட்டித் தட்டிப் போனது.
பாதி வழியில் நின்று
நூற்றுப் பன்னிரண்டைத் திரும்பிப் பார்த்தாள்.
அங்கே யாரோ ஒருவருடைய மாமா
வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்.

அதற்கடுத்த பெயரைப் பதிவாளர்
என்ன நினைத்தாரோ, முழுதாக வாசித்தார்.
தகப்பன், மகன்,
இருவரையும் பிழையாக.