இது நண்பகல்

என் தொழில் வெள்ளை.
பீங்கான் பற்களுக்கு நிறம் பொருத்துகிறேன்.
பதினாறு மாதிரிப் பற்கள், ஒரு தகட்டில் வரிசையாக,
கைப்பையில் சாவிக்கொத்தோடு உரசிக்கொண்டு கிடக்கும்.
ஏ-ஒன்று, ஏ-இரண்டு, பி-மூன்று…
வெள்ளை என்று ஒன்று கிடையாது
என்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

வியாழக்கிழமை, மழை விட்டபோது ஆறே முக்கால்.
சமையலறைச் சுவரில் கத்திரிப்பூ நிறம் படிந்தது.
அடுப்பை அணைத்தேன், பையை மாட்டிக்கொண்டு ஓடினேன்,
எதிர்ப்புறக் கார்நிறுத்தத்தின் ஏழாவது தளத்துக்கு.
ஈரத்தில் செருப்பு வழுக்கியது.

சுவா சூ காங்கின் கூரைகளுக்கு அப்பால்,
தெங்காவின் பாரந்தூக்கிகளுக்குப் பின்னால்,
சூரியன் இல்லை.
அதன் வேலை மட்டும் நடந்துகொண்டிருந்தது.
மேகங்கள் பை பையாய்த் தொங்கின.
முதலில் மாம்பழத் தோல்.
அப்புறம், அடிபட்ட இடம் ஆறும்போது வரும் மஞ்சள்.
அப்புறம் வந்ததற்கு என்னிடம் எண் இல்லை.
நாவற்பழம் தின்றவள் நாக்கை நீட்டினால்,
அதற்குப் பக்கத்து வீடு.
ஆனால் அது இல்லை.

கைப்பேசியை உயர்த்தினேன்.
திரையில் சாம்பல் வானம்.
நல்ல, யோக்கியமான, வாடகை பாக்கியில்லாத வானம்.

அதற்குத் தெரியவில்லை என்றில்லை;
அது நம்பவில்லை.
இத்தனை ஊதா உலகத்தில் இருக்காது,
விளக்கில்தான் ஏதோ கோளாறு என்று
தானே முடிவு செய்து, தானே திருத்தி,
பந்தியில் யாரோ உளறியதைச்
சிரித்து மழுப்பும் சம்பந்தி மாதிரி
என் கையில் கொடுத்தது.

மழைக்கு ஒதுங்கியிருந்த உணவு விநியோகப் பையன்
படிக்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தான்.
“காக்” என்று கூப்பிட்டுத் தன் திரையைக் காட்டினான்.
அவனுடையதில் நீலம்!
இருவரும் நிமிர்ந்து பார்த்தோம்,
குனிந்து பார்த்தோம்,
மறுபடி நிமிர்ந்தோம்.
அவன் பையில் யாருடைய மீ ரெபுஸோ ஆறிக்கொண்டிருந்தது.

ஏ-ஒன்றை உருவி வானத்துக்கு நேரே பிடித்தேன்.
இதுதான் வெள்ளை, பார்த்துக்கொள் என்றேன்.
கைப்பேசி பல்லை வெள்ளையாக்கியது,
கூடவே வானத்தையும் வெளுத்துத் துவைத்துப் போட்டது.
என் விரலிடுக்கிலோ
அந்தப் பல் ஊதாவாக இருந்தது.
நகங்களும்.
ஹய்கலின் (பெயரை அப்போதுதான் சொன்னான்)
மஞ்சள் மழைச்சட்டையும்
மஞ்சளாக இருக்கும் எண்ணத்தைக் கைவிட்டிருந்தது.

பிறகு நினைவு வந்தது, கூடத்தில் தினமும் செய்வது.
தானியங்கியை அணைத்தேன்.
ஐயாயிரத்து ஐந்நூறு கெல்வின்: உச்சி வெயிலின் எண்.
மாலையை உள்ளபடி பிடிக்க வேண்டுமென்றால்
இது நண்பகல் என்று
கேமராவிடம் கூசாமல் பொய் சொல்ல வேண்டும்.

சொன்னேன்.
நம்பியது.
வானம் உள்ளே வந்தது.

நான்கு படங்கள்.
ஐந்தாவதுக்கு விரல் வைப்பதற்குள்
கடைக்காரர் கதவை இழுத்து மூடுவதுபோல்
இந்த ஊர் அந்தி மூடிக்கொண்டது.
ஏழு பதினெட்டு.
ஹய்கல் சைக்கிளை நோக்கி ஓடினான்,
இரண்டு படிக்கு ஒரு படி.

பிடோக்கிலிருந்து வெண்ணிலா கேட்டாள்:
எந்த ஃபில்டர்டி இது?
இங்க சும்மா மேகமூட்டம்தான்.
வந்த வெளிச்சத்தில் எடுத்தது என்று அடித்தேன், அழித்தேன்.
நண்பகல் என்று அடித்தேன்.
அதையும் அழித்தேன்.
ஒரு பல் படத்தை மட்டும் அனுப்பிவைத்தேன்.

காலையில் பற்கூடம்.
திருமதி கோவுக்கு மேல்வரிசை, முன்பல், இடது.
ஜன்னல் திரையை இழுத்துவிட்டு
பகல் விளக்கைப் போட்டேன்.
அதன் கீழே
எதுவுமே நடக்காதது மாதிரி
ஏ-ஒன்று ஏ-ஒன்றாக உட்கார்ந்திருந்தது.

நேத்து உன்னைப் பார்த்தேனே, என்றேன்.