அளவெடுக்கப் போன இரவு

பாயான் லெப்பாஸ். ஓடுபாதைக்கு எதிரே
தொண்ணூற்றாறு அறைகள்.
நான்காவது மாடி இங்கே கிடையாது;
நான்கு என்றால் சீனத்தில் சாவுபோல ஒலிக்குமாம்.
மூன்றுக்கு மேல் 3A, அதற்கு மேல் ஐந்து.
3A-யில் பன்னிரண்டாம் அறையை
எனக்குத் திறந்துவிட்டார்கள்.

"பாத்திக் போடலாம், பிரம்பு விளக்கு போடலாம்,
உள்ளே வந்தால் பினாங்கு தெரியணும்" என்றார் மிஸ்டர் ஊய்.
ஒரு ராத்திரி தூங்கிப் பார்க்கிறேன் என்றேன்.
சிரித்தார். "இங்கே யாரும் தூங்குவதில்லை,
ஆறு மணி நேரம் படுத்திருப்பார்கள்."

டேப்பை இழுத்தேன்.
கட்டிலுக்கும் சுவருக்கும் நாற்பத்தொரு சென்டிமீட்டர்:
பெட்டியைத் திறந்தால் ஆள் நிற்க முடியாது,
ஆள் நின்றால் பெட்டி திறக்காது.
எட்டு விளக்குகள்.
எட்டாவதை அணைக்க எழுந்து கதவு வரை போகவேண்டும்.
இருட்டில் திரும்புகையில்
கட்டில் கால் சுண்டுவிரலைத் தேடி வரும்.
கூரையில் கிப்லா காட்டும் பச்சை அம்பு.
எதற்கு என்று தெரிந்து வைத்த ஒரே பொருள்.

பிறகுதான் கவனித்தேன்,
எனக்கு முன்பே பலர் இதைத் திருத்தியிருக்கிறார்கள்.
திரையின் நடுவே மூடாத இரண்டு விரல் இடைவெளி;
அங்கே கால்சட்டை மாட்டும் கிளிப் கடித்த தழும்புகள்,
ஒன்றின்மேல் ஒன்றாக.
நாற்காலிக் கால்கள் கம்பளத்தில் அழுந்திய குழி
மேசைக்கு முன்னால் இல்லை, சன்னலோரம்.
குளிர்சாதனத்தின் வாயில்
மடித்துச் செருகிய போர்டிங் பாஸ்.
தொலைக்காட்சிக்குக் கீழே
இரவெல்லாம் விழித்திருக்கும் நீல விளக்கின் மேல்
மெரூன் நிறத்தில் ஓர் ஒட்டுப்பொட்டு.

அறை துடைக்கும் பவளராணியிடம் கேட்டேன்.
"தெரியுங்கா. சூப்பர்வைசர் பிய்க்கச் சொன்னாங்க.
பிய்ச்சா அடுத்த ஆளு துண்டைப் போட்டு மூடுறாங்க,
ஈரத் துண்டு, டிவி கெட்டுப் போவுது.
பொட்டு என்னா செஞ்சிச்சு, இருந்துட்டுப் போவட்டும்."
ஐந்து காசு பெறாத திருத்தம்.
என் கட்டணத்தை ஒருமுறை நினைத்துக்கொண்டேன்.

மழையில் கடைசி விமானம் ரத்து.
பதினொன்றரைக்கு மேல் நடைவழி முழுக்கப்
பெட்டிச் சக்கரங்கள்,
கையில் கூப்பனோடு அனுப்பப்பட்டவர்கள்.
பக்கத்து அறைக் கதவு சாத்தியது.
நடுவே இரண்டு ஜிப்சம் பலகை,
தட்டினால் தகரம் மாதிரி.

இரண்டு மணி நாற்பதுக்கு ஒரு குரல், தமிழில்:
"இல்ல மாமா, நாளைக்கு ராத்திரிதான் திருச்சி வருவேன்.
அப்பாவ எத்தன நேரம் ஐஸ் பொட்டியில வைப்பீங்க.
விடிஞ்சதும் எடுத்துருங்க.
தம்பியே கொள்ளி வைக்கட்டும்."
அப்புறம் நாற்காலியை இழுக்கும் சத்தம்.
எங்கே இழுக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

போய்த் தட்டவில்லை.
இங்கே ஓர் ஆள் இருப்பது அங்கே கேட்கக்கூடாதென்று
புரண்டுகூடப் படுக்காமல் கிடந்தேன்.

காலையில் ஊய்க்கு எழுதினேன்:
திரைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏற வேண்டும்.
எல்லாவற்றையும் அணைக்க ஒரே சுவிட்ச், தலைமாட்டில்.
சன்னலோரம் நாற்காலி, கை வைத்தது.
பிரம்பு வேண்டாம்.
சுவர் என்று எழுதிவிட்டு நிறுத்தினேன்.
இன்னும் கனமாக என்றுதான் எழுதவேண்டும்,
படித்த படிப்பு அதைத்தான் சொல்கிறது.
கனமாக இருந்திருந்தால்
ஒருத்தர் காதிலும் விழாமல் அவர் பேசி முடித்திருப்பார்.
அதுதான் அவருக்கு வேண்டியிருந்ததோ என்னவோ.
அந்தக் கட்டம் மட்டும் காலியாகப் போனது.

பவளராணி பக்கத்து அறையிலிருந்து
தள்ளுவண்டியோடு வெளியே வந்தாள்.
"விரிப்பு கலையவே இல்லக்கா, வேலை மிச்சம்.
நாற்காலிதான் எடம் மாறியிருக்கு.
நான் தள்ளி வைக்கல."