பதிமூணு புள்ளி நாலு

சாவி போட்டால் எரிந்து
வண்டி கிளம்பினால் அணைய வேண்டிய சிவப்பு விளக்கு
நேற்று கருப்பம்புலத்திலிருந்து திருத்துறைப்பூண்டி வரை
அணையாமல் கூடவே வந்தது,
கடன் கொடுத்தவன் பஸ்ஸில் எதிர் சீட்டில் உட்கார்ந்த மாதிரி.

பாட்டரிக் கடை ரவூப் மீட்டரை வைத்துப் பார்த்தார்.
பதினொண்ணு புள்ளி ஆறு.
'ஆல்டர்னேட்டர் சுத்துதும்மா. கரண்டுதான் வந்து சேரல.'
எனக்கா புரியாது?
மேட்டூர் திறந்து இன்றோடு பத்தொன்பது நாள்.
எங்கள் வாய்க்காலில் இன்னும் ஆடு படுத்திருக்கிறது.

புதுசு ஏழாயிரத்து எண்ணூறு.
பழசு நாலாயிரம், கேட்கக்கூடாது உத்தரவாதம்.
கார்பன் பிரஷ் மட்டும் ஜோடி நூற்றிருபது.
நூற்றிருபதை எண்ணி வைத்துவிட்டு வந்தேன்.

ஆம்னிக்கு எஞ்சின் சீட்டுக்கு அடியில்.
ஏற்றிய பூ மூட்டைகளை இறக்கி
வேப்பமரத்தடியில் வைத்துவிட்டு
முதலில் பாட்டரி மைனஸ்,
பிறகு பெல்ட், பிறகு
மண்ணில் மல்லாந்து கிடந்து
துருவோடு மல்லுக்கட்டிய ஒரே ஒரு போல்ட்.
வீட்டுக்காரர் வேதையன் டார்ச் பிடித்தார்.
பிடிக்கச் சொன்ன இடம் தவிர
எல்லா இடத்திலும் வெளிச்சம்.

உள்ளே கரிப்பொடி. செத்த குளவி ஒன்று.
புது பிரஷ் விரல்கணு நீளம்,
இதில் மிச்சம் ஒரு பச்சைப்பயறு.
செம்பு வளையம் இரண்டிலும்
நடுவே வழவழவென்று பள்ளம்,
மெட்டியைக் கழற்றினால் விரலில் தெரியுமே, அது.
உப்புத்தாளால் தேய்த்தேன்.
உப்பளத்துக்காரர் மகள், தேய்க்கச் சொல்லியா தரவேண்டும்.

ஈயத்தை உருக்கிப் பழைய பிரஷை எடுக்கும்போது
'டிக்' என்றது.
அவ்வளவுதான்.
ஸ்பிரிங் ஒன்று போய் விழுந்தது
வாய் கட்டாத மூட்டைக்குள்,
நாற்பது கிலோ முல்லையில்.

உடைந்த ஸ்பீக்கரின் காந்தத்தை உள்ளே விட்டுத் துழாவினோம்.
ஒட்டியது ஒரு குண்டூசி,
சைக்கிள் பால்ஸ் ஒன்று,
யாருடையதென்று தெரியாத கொலுசுத் திருகாணி.
பாயை விரித்துக் கொட்டினோம்.
கைகையாய் அள்ளி உதிர்த்தோம்.
உதிர்க்க உதிர்க்க, கரி படிந்த என் உள்ளங்கையிலேயே
இதழ் விட்டது.
முல்லைக்கு மணி தெரியும்.
மொட்டுக்கு ஒரு விலை. விரிந்துவிட்டால் பாதி.
வாசனை மட்டும் தெரு முழுக்க, இலவசமாய்.

பையனின் கணக்கு நோட்டுக்குள்ளிருந்த
பால்பாயிண்ட் பேனாவை உடைத்து நீட்டினார் வேதையன்.
அன்றைக்கு அவர் செய்த முதல் உருப்படியான காரியம்.
இரண்டு சுற்று வெட்டினேன். பொருந்தியது.
பொருந்தியது என்றுதான் சொல்ல வேண்டும்.

பிரஷ்கள் வெளியே துருத்தாதிருக்க
தாலிச்சரட்டில் கிடந்த ஊக்கைக் கழற்றிப்
பின்துளையில் குத்தி நிறுத்தி,
மூடி, முறுக்கி, பெல்ட் மாட்டி,
சாவியைத் திருப்பினேன்.
சிவப்பு இல்லை!
வேதையன் கைகூடத் தட்டிவிட்டார்.

ஸ்டார்ட் ஆகும் முன்னே எரிய வேண்டும் அது.
எரிய வேண்டிய நேரத்தில் எரியாததும் கோளாறுதான்.
தாலியைத் தொட்டுப் பார்த்தேன்.
ஊக்கு.

மறுபடியும் மண்ணில் படுத்து
அதை உருவினேன்.
உள்ளே இரண்டு சின்னச் சத்தம்,
பிரஷ்கள் வளையத்தில் உட்கார்ந்தன.
சாவி. சிவப்பு. கிளப்பினேன், அணைந்தது.
மீட்டரில் பதிமூணு புள்ளி நாலு.
ஹெட்லைட் போட்டால் பன்னிரண்டே முக்கால்.
பதினாலு வேண்டும் என்பார் ரவூப்.
எனக்கும் நிறைய வேண்டும்.

வேதாரண்யத்திலிருந்து வந்த பஸ் ஒன்றின் பின்னாலேயே
அதன் வெளிச்சத்தில் ஒட்டிக்கொண்டு போனோம்.
அது நின்ற ஊரிலெல்லாம் நாங்களும் நின்றோம்.
நிற்கும்போது சிவப்பு லேசாய்க் கண் விழிக்கும்,
ஆக்சிலேட்டரை மிதித்தால் மூடிக்கொள்ளும்.

வைரக்கண்ணு கடையில் மூட்டையைப் பிரித்து
'பூத்துப் போச்சேம்மா' என்றார்.
பாதிக்கும் கொஞ்சம் கீழே எண்ணினார்.
நாளைக்கு முகூர்த்தமாம்,
எல்லாம் பொண்ணு மாப்பிள்ளை மாலைக்குத்தானாம்.

ஸ்பிரிங்கைப் பற்றி
நான் வாயே திறக்கவில்லை.